வெயில் கொள்ளும் நேரம்

அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று வீட்டில் ஒரு சின்ன விசாரணையே நடந்தது. வைட்டமின் டி குறைவு என்று தாளில் அச்சாகியிருந்தது. அம்மாவால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. "தெனமும் காலத்த ஆறு மணிக்குக் குளத்தங்கரையில நடக்கேன். வெயிலு கொள்ளத்தானே செய்யேன் மக்களே? பின்ன எப்படிக் குறையும்? லேப்காரன் யாருக்குள்ளதையோ மாத்திக் குடுத்துட்டான்."

லேப் மாற்றவில்லை. நடந்ததிலும் தப்பில்லை. பிசகியது நேரம்தான்.

குமரி மாவட்டத்தில் வெயிலில் நிற்பதை 'வெயில் கொள்ளுதல்' என்போம். கடையில் சாமான் வாங்குவது போல வெயிலை வாங்கி உடம்புக்குள் வைத்துக்கொள்வது. வைட்டமின் டி-க்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது என்று நினைக்கிறேன். ஆனால் எல்லாச் சரக்கும் எல்லா நேரமும் கடையில் இருக்காது. வெளியே போனால் உடம்புக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அதற்குள் நாலைந்து தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று காலையில் கிடைக்கும், ஒன்று உச்சியில் கிடைக்கும், இன்னொன்றுக்குப் பகல் முழுக்கக் கடை திறந்திருக்கும். ஒன்றை வாங்கப் போய், வாங்காத இன்னொன்றுக்குக் கணக்குக் கேட்டால் அம்மாவின் கதைதான்.

முதலில் அந்த வைட்டமின். சூரிய ஒளியோடு கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களும் வருகின்றன. அதில் யுவி-பி என்ற வகை தோலில் பட்டால்தான், தோலில் இருக்கும் ஒரு கொழுப்புச் சேர்மம் வைட்டமின் டி-யாக மாறத் தொடங்கும். பிறகு ஈரலும் சிறுநீரகமும் அதைப் பக்குவப்படுத்திக் கொடுக்கும். சாப்பாட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடல் உறிஞ்சி எலும்புக்கு அனுப்ப இந்தச் சத்து வேண்டும். சிக்கல் என்னவென்றால், யுவி-பி-யை ஓசோன் படலம் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. சூரியன் சாய்வாக இருக்கும் காலையிலும் மாலையிலும் கதிர் காற்று மண்டலத்துக்குள் நெடுந்தூரம் குறுக்கே வர வேண்டியிருப்பதால், தரைக்கு வந்து சேருவது மிச்சம் மீதிதான். பொன்னாகத் தெரியும் இளவெயிலில் யுவி-பி அநேகமாக இல்லை. அதிலும் தை மாதத்தில் கன்னியாகுமரியில் சூரியன் உதிக்கவே ஆறரை தாண்டிவிடும். அம்மா ஆறு மணிக்குக் கொண்டது வெயிலே இல்லை, வெளிச்சம்.

திருப்பதியில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, தோலில் வைட்டமின் டி நன்றாக உருவாகும் நேரம் காலை 11 முதல் பிற்பகல் 2 வரை என்று சொன்னது. கடிகாரம் இல்லாமலும் இதைக் கண்டுபிடிக்கலாம். முற்றத்தில் நின்று நிழலைப் பாருங்கள். நிழல் ஆளைவிடக் குட்டையாக இருந்தால் சரக்கு இருக்கிறது. நெட்டையாக இருந்தால் மிகக் குறைவு.

இந்த நிழல் கணக்கில் குமரிக்கு ஒரு யோகம் உண்டு. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டு பாகையில். லண்டனில் டிசம்பர் மாதம் உச்சிப்பொழுதில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து பதினைந்து பாகைதான் ஏறும். அங்கே குளிர்காலம் முழுக்க நின்றாலும் தோலில் வைட்டமின் டி ஊறாது. நமக்கு மார்கழியிலும் உச்சியில் ஐம்பத்தெட்டு பாகை உயரத்தில் நிற்கிறது. மார்கழியில் சுமார் பத்து மணிக்கும், சித்திரையில் ஒன்பதரைக்கு முன்பாகவுமே நிழல் குட்டையாகிவிடும். ஏப்ரல் நடுவிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் உச்சியில் நிழலே காலடியில் ஒளிந்துகொள்ளும். உச்சி என்றால் நம் ஊரில் 12 மணி என்று எண்ண வேண்டாம். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்கே வைத்துக் கணக்கிடப்படுவது, நாம் இருப்பதோ ஏறத்தாழ 77.5-ல். அதனால் பருவத்தைப் பொறுத்து 12.05-லிருந்து 12.35 வரை ஏதோ ஒரு நிமிடத்தில்தான் இங்கே உச்சி. வருடத்தில் ஒரு நாள்கூட இந்தக் கடை நமக்கு அடைப்பில்லை. அப்படியிருந்தும் ரத்தத்தில் குறைகிறது என்றால், கடை திறந்திருக்கும் நேரத்தில் நாம் கூரைக்குக் கீழே இருக்கிறோம் என்று அர்த்தம்.

எத்தனை நிமிடம் என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. தோலின் கறுப்பு நிறத்தைத் தரும் மெலனின் இந்தக் கதிரைத் தடுக்கும். அது தோலுக்குப் பாதுகாப்பு. ஆனால் வெள்ளைத் தோல்காரருக்குப் போதும் நேரத்தைப் போலப் பல மடங்கு நமக்கு வேண்டும். முகமும் கையும் காலும் பட, வாரத்தில் சில நாள் இருபது முப்பது நிமிடம் என்று பொதுவாகச் சொல்லுவார்கள். சித்திரை வெயிலில் நட்டுச்சிக்கு நிற்கத் தேவையில்லை. பத்தரை மணியே போதும். தோல் எரியத் தொடங்கினால் உள்ளே வந்துவிட வேண்டியதுதான். ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வெயில் காய்வதில் இந்த விஷயத்துக்குப் பலனில்லை. கண்ணாடி யுவி-பி-யைத் தடுத்துவிடும். கண்ணாடி ஏற்றிய காரில் போகும் வெயிலும் அப்படித்தான். சாளையும் அயிலையும் கொஞ்சம் கைகொடுக்கும், ஆனால் மீனை மட்டும் நம்பி இருக்க முடியாது.

மருந்துக்கடையில் 60,000 யூனிட் என்று ஒரு பாக்கெட் பொடி கிடைக்கிறது. வாரம் ஒன்று என்று சில வாரங்களுக்கு மருத்துவர் எழுதுவார். சீட்டு முடிந்த பிறகும் 'சத்துப் பொடிதானே' என்று மாதக்கணக்கில் கலக்கிக் குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இது கொழுப்பில் கரைந்து உடம்பில் தங்குகிற சத்து. அளவு மீறினால் ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறி, வாந்தி, சிறுநீரகக் கோளாறு என்று போகும். வெயிலுக்கு அந்த ஆபத்து கிடையாது. தேவைக்கு மேல் உண்டாவதை வெயிலே தோலில் வைத்துச் சிதைத்துவிடும்.

சரி, அம்மாவின் ஆறு மணி நடை வீணா? இல்லை. அவர் வாங்கியது வேறு சரக்கு, அதைப் பரிசோதனைத் தாள் காட்டாது.

நம் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் ஏறத்தாழ இருபத்துநாலு மணி நேரத்துக்கு ஒரு சுற்று ஓடும் கடிகாரம் இருக்கிறது. அதன் வேலைப்பாட்டைக் கண்டுபிடித்த மூவருக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்தக் கடிகாரம் தினமும் கொஞ்சம் பிசகும். அதற்குச் சாவி கொடுப்பது காலை வெளிச்சம். கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவை மட்டும் அறிந்து மூளைக்குச் சொல்லும் தனி உயிரணுக்கள் உண்டு. விடிந்துவிட்டது என்று அவை சொன்னால்தான், ராத்திரி நேரத்துக்குத் தூக்கம் வரும்.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சம் ஒரு நூறிலிருந்து முந்நூறு லக்ஸ் இருக்கும். வெளியே மூடாப்பாக இருந்தாலும் பகலில் பல ஆயிரம் லக்ஸ், நல்ல வெயிலில் ஒரு லட்சம். நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் சட்டென்று பழகிக்கொள்வதால் இந்த வித்தியாசம் உறைப்பதே இல்லை. ஆகவே ஆனி ஆடிச் சாரலில், தோவாளைப் பக்கம் மேகம் மலையை மூடிக்கொண்டு நிற்கும் நாளிலும், விடிந்த பிறகு குடை பிடித்துக்கொண்டு நடக்கும் நடைக்கும் இந்தப் பலன் உண்டு. வைட்டமின் மாதிரி இதற்கு வெயில் கட்டாயமில்லை.

ரப்பர் பால் வெட்டுகிறவர்களின் நிலை நேர்தலைகீழ். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்து பால் நன்றாக ஓடும். மரத்தின் கடிகாரத்துக்காக மனிதர்கள் தங்கள் கடிகாரத்தைத் திருகி வைத்துக்கொள்கிறார்கள். நாளெல்லாம் பச்சைக்கு நடுவில் இருப்பவர்கள் என்று வெளியூர்க்காரர் நினைப்பார். அந்தத் தூக்கக் கணக்கை யாரும் போடுவதில்லை.

பிள்ளைகளின் கண்ணைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் இதில் கிடைத்திருக்கும் சான்று மற்றவற்றைவிடத் திடமானது, நம் மாவட்டத்துக்கு நேரடியாகப் பொருந்துவதும் இதுதான்.

2011 கணக்கெடுப்பில் குமரியின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். அந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு நாள் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். எங்கள் தெருவில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் காலை ஆறு மணிக்கு டியூஷன் போகிறான். ஏழரைக்கு ஸ்கூல் வேன். நாலரைக்கு வந்து இறங்கி, சாயாவும் பழம்பொரியும் ஆனதும் ஐந்தரைக்கு அடுத்த டியூஷன். வீட்டுக்குத் திரும்பும்போது தெருவிளக்கு எரியும். வானத்தின் கீழ் அவன் நிற்பது வேனுக்காகக் காத்திருக்கும் பத்து நிமிடம். போன வருடம் கண்ணாடி போட்டான். 'படிக்கிற பிள்ளை' என்பதற்கு அடையாளம் மாதிரி வீட்டில் அதைச் சொன்னார்கள்.

கிட்டப்பார்வை என்பது கண்விழி முன்பின்னாக நீண்டுவிடுவது. அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் ஒரே தலைமுறையில் கிழக்கு ஆசிய நகரங்களில் இது தாறுமாறாக ஏறியதற்குப் பரம்பரை மட்டும் காரணமாக முடியாது. சீனாவின் குவாங்சோ நகரில் பன்னிரண்டு பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். ஆறு பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மற்ற ஆறில் வழக்கம் போலவே நடந்தது. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், வழக்கம் போல இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே போன பிள்ளைகளில் 30.4 சதவீதம். 2015-ல் வெளியான முடிவு இது. மருந்தில்லை, கருவியில்லை, நாற்பது நிமிடம் வெளியே விட்டதுதான். தைவானில் தினம் இரண்டு மணி நேரம் பிள்ளைகளை வெளியே அனுப்பும்படி பள்ளிகளை ஊக்குவிக்கும் திட்டமே கொண்டுவந்தார்கள்.

வெளியே ஓடி விளையாடுவதா, தூரத்தில் பார்ப்பதா, வெளிச்சமா, எது வேலை செய்கிறது என்பதில் ஆய்வாளர்கள் பெரும்பாலும் வெளிச்சத்தைத்தான் காட்டுகிறார்கள். பிரகாசமான வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கும், அது கண்விழி நீளுவதைக் கட்டுப்படுத்தும் என்பது விளக்கம். இதில் நமக்கு வசதியான ஒரு செய்தி இருக்கிறது. வெயிலில் கருக வேண்டாம். மாமரத்து நிழலில் இருந்தாலும் வகுப்பறையைப் போலப் பல மடங்கு வெளிச்சம் கண்ணுக்குக் கிடைத்துவிடும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது கிட்டப்பார்வை வராமல் தடுக்க நன்றாக உதவுகிறது. ஏற்கெனவே வந்துவிட்ட பவர் ஏறாமல் நிறுத்தும் என்பதற்கு அந்த அளவுக்குச் சான்று இல்லை. எனவே ஆறாம் வகுப்பில் யோசிப்பதைவிட அங்கன்வாடியிலேயே யோசிப்பது நல்லது. டியூஷன் வாத்தியார்கள் மாமரத்து மூட்டில் பாய் விரித்துப் பாடம் நடத்தினால்கூட ஒன்றும் கெட்டுவிடாது என்பது என் கட்சி. மார்க்கும் குறையாது.

இனி மனது. இங்கேதான் ஆராய்ச்சியும் அளப்பும் கலந்து கிடக்கின்றன, பிரித்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பழைய பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்பவர் எடுத்துப் பார்த்தார். சில கட்டில்களுக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, சிலவற்றுக்குச் செங்கல் சுவர். வயது, பால் எல்லாம் ஒத்த 23 ஜோடிகளை ஒப்பிட்டதில், மரம் பார்த்தவர்கள் சராசரியாக ஏறத்தாழ எட்டு நாளிலும், சுவர் பார்த்தவர்கள் 8.7 நாளிலும் வீடு திரும்பியிருந்தார்கள். மரம் பார்த்தவர்கள் கேட்ட கடுமையான வலிமருந்தும் குறைவு. 1984-ல் வந்த இந்தச் சிறிய ஆய்வுக்குப் பிறகு எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன. அதில் அடிக்கடி பேசப்படுவது 2019-ல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரைக் கேட்டறிந்தது. வாரத்தில் மொத்தம் 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை என்று கழித்தவர்கள், உடம்பும் மனதும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரமா, பிரித்துப் பிரித்தா என்பதில் வித்தியாசம் தெரியவில்லை. உடம்புக்கு முடிகிறவர்தானே வெளியே போவார், அதனால்தான் அப்படித் தெரிகிறதா என்ற கேள்வி இந்த ஆய்வுக்கு உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது.

நம் மாவட்டத்துக்கு இதைக் கொண்டுவந்தால் ஒரு வேடிக்கை தெரியும். குமரி என்றதும் பச்சைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. தென்னந்தோப்பு, வயல் ஏலா, ரப்பர், வடகிழக்கே மலை, தெற்கே கடல். ஆனால் 2011 கணக்கிலேயே மக்களில் 82 சதவீதம் நகர்ப்புறம் என்று பதிவானவர்கள். சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தோட்டத்தை இங்கே விளை என்போம். விளை என்று முடியும் ஊர்ப்பெயர்களில் மட்டும் விளை மிச்சமிருக்கும் இடங்கள் ஏராளம். பச்சையை நாம் பார்ப்பது பெரும்பாலும் பஸ் ஜன்னலிலும் ஸ்கூட்டரிலும்தான். அதற்கும் மதிப்பு உண்டு என்று உல்ரிச்சைக் காட்டி வாதாடலாம். ஆனால் 120 நிமிடக் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

முன்பு இந்தக் கணக்கை முற்றம் பார்த்துக்கொண்டது. என் சிறு வயதில் அம்மா விடிகாலையில் வாரியலை எடுத்தால் முன்முற்றம், பக்கவாட்டு, பின்னால் கிணற்றடி வரை தூத்து முடிக்க அரை மணி நேரம் ஆகும். குனிந்து நிமிர்ந்து, மாவிலைச் சருகைக் கூட்டி மரத்து மூட்டில் தள்ளி, சாணி தெளித்து. பதினோரு மணிக்கு மரச்சீனி வத்தலோ நெல்லோ காயப்போட அதே முற்றத்தில் மறுபடி இறங்குவார். கோழியை விரட்ட, கிளறிவிட, அள்ள என்று நாலு தடவை. காலை வெளிச்சம், உச்சி வெயில், உடற்பயிற்சி எல்லாம் வீட்டு வேலைக்குள்ளேயே அடங்கிப்போயிருந்தன. பத்து வருடம் முன்பு நாங்கள் முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்தோம். மாமரத்தை வெட்டினோம். இப்போது தூத்து முடிக்க ஐந்து நிமிடம். வத்தல் கடையில் கிடைக்கிறது. அந்த அரை மணி நேரத்துக்குப் பதிலாகத்தான் அம்மா குளத்தங்கரைக்குப் போகத் தொடங்கினார். உச்சி நேரத்துக்குப் பதிலாக எதுவும் வரவில்லை.

மருந்துவாழ்மலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஊரில் கோபித்துக்கொள்வார்கள். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில், பொற்றையடிப் பக்கம். அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று கதை. ஸ்ரீநாராயண குரு தவம் செய்த பிள்ளைத்தடம் குகை அதில் இருக்கிறது. மூலிகைக் காற்று மூக்கில் பட்டாலே நோய் ஓடும் என்று ஏறுகிறவர்கள் உண்டு. காற்றைப் பற்றி நான் வாதாட மாட்டேன். ஆனால் பாறைப் படியில் மூச்சு வாங்க ஏறி, மேலே கல்லில் உட்கார்ந்து ஒரு பக்கம் கடலையும் மறு பக்கம் காற்றாலைகளையும் பார்த்துவிட்டு இறங்கினால் இதயத்துக்கும் காலுக்கும் மனதுக்கும் வரும் நன்மையை விளக்க மூலிகை தேவைப்படாது. திற்பரப்பில் அருவி தெறிக்கும் இடத்தில் எதிர்மின் அயனிகள் இருக்கின்றன, அவை மன நோயைத் தீர்க்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதும் இந்த ரகம்தான். அருவியில் தலையைக் கொடுத்தால் சுகமாக இருக்கிறது. அது போதாதா?

மலையேற முடியாதவர்களுக்குக் குளம் இருக்கிறது. சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022-ல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. வலசைக் காலத்தில் கரையில் சும்மா நின்றாலே ஒரு மணி நேரம் போவது தெரியாது.

சர்க்கரைக்கு நடை நல்லது என்பதை யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள், சாப்பிட்ட பிறகு பத்து பதினைந்து நிமிடம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறையும் என்பதைக் கவனிப்பதில்லை. ராத்திரிச் சோறு முடிந்து தெருமுனை வரை போய் வந்தால் போதும். 2023 நவம்பரில் அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தது நல்ல விஷயம். ஆனால் பெரும்பாலானோருக்கு நடை என்பது வீட்டு வாசலிலிருந்து தொடங்குவது. எங்கள் பக்கத்து ரோட்டில் ஓரம் என்று ஒன்று கிடையாது. வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் ஓடை. பக்கத்தில் ஒரு பள்ளி மைதானம் இருக்கிறது. சாயங்காலம் பூட்டிவிடுவார்கள். பெண்கள் இருட்டில் நடக்க ஓரிடம் கேட்டு எழுதிக் கொடுத்த மனு எங்கே போனதென்று தெரியவில்லை.

இவ்வளவும் வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு. வெளியேயே பிழைக்கிறவர்களிடம் போய் வெயிலின் அருமை பேசினால் சிரிப்பார்கள். முட்டம், குளச்சல் கடற்கரைகளில் நடுவயது மீனவர்களின் கண்ணை உற்றுப் பாருங்கள். மூக்குப் பக்க ஓரத்திலிருந்து கருவிழியை நோக்கி ஒரு சதை முக்கோணமாக ஏறியிருப்பதைச் சிலரிடம் காணலாம். வருடக்கணக்கில் வெயிலும், தண்ணீரில் பட்டுத் திரும்பும் புற ஊதாக் கதிரும், உப்புக் காற்றும் சேர்ந்து செய்கிற வேலை. கண்புரையும் சீக்கிரம் வரும். வைட்டமினுக்கு வேண்டிய வெயிலைப் போலப் பத்து மடங்கு அவர்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது அகலமான தொப்பியும், புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடியும், கரையேறியதும் ஒதுங்க நிழலும். செங்கல் சூளைக்காரருக்கும் தோவாளையில் பூ பறிப்பவருக்கும் இதே கதைதான்.

கடலைப் பற்றி ஒரு வார்த்தை. காற்று வாங்கக் கடற்கரைக்குப் போவதைவிட நல்ல சாயங்காலம் இல்லை. ஆனால் இந்தக் கடல் மெரினாவைப் போலக்கூடச் சாதுவானதல்ல. காற்றே இல்லாத வெள்ளை வெயில் நாளில், தெற்கே இந்தியப் பெருங்கடலின் கோடியில் கிளம்பிய அலை எழும்பி வந்து கரையை வாரிக்கொண்டு போகும். கள்ளக்கடல் என்று கரையோரத்தில் பெயர். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தால் காலை நனைப்பதும் வேண்டாம். மணலில் தள்ளி உட்கார்ந்தாலும் அந்தக் காற்று வரத்தான் செய்கிறது. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் செருப்பில்லாமல் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அம்மாவுக்கு மருத்துவர் எட்டு வாரத்துக்குப் பொடி எழுதிக் கொடுத்தார். குளத்தங்கரை நடையை அவர் விடவில்லை. கூடவே இப்போது பதினோரு மணிக்கு மொட்டைமாடித் தட்டில் ஒரு வேலை வைத்திருக்கிறார். முறத்தில் கொஞ்சம் மரச்சீனி சீவி எடுத்துக்கொண்டு மேலே போகிறார். வீட்டில் வத்தல் தின்ன ஆளில்லை. நேற்று கீழிருந்து கூப்பிட்டேன். "இன்னும் என்னைக்காட்டிலும் நெழலு குட்டையாத்தான் கெடக்கு, செத்த நேரம் களிஞ்சு வாறேன்" என்று பதில் வந்தது. மேலே போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலை அளந்துகொண்டிருந்தார்.